பின்னால் தள்ளிப் பார்த்தல்

நிறுத்தினேன் என்று சொல்ல முடியாது.
ஒரு திங்கட்கிழமை, பதினொன்றாவது உதைக்கும் கிளம்பாத புல்லட்டை
அப்படியே விட்டுவிட்டு 29சி பிடித்தேன்.
அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்க
பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது.

மவுண்ட் ரோடு ஷோரூமில்
பக்கவாட்டு ஸ்டாண்டில் ஒரே திசையில் சாய்ந்தபடி
டோக்கன் கூப்பிடக் காத்திருப்பவர்கள்போல் வண்டிகள்.
தினகர் என்று சட்டையில் எழுதியிருந்த பையன் கேட்டான்:
"என்ன யூஸுக்கு சார்? ஆபீஸா, லாங் ரைடா?"
ஆபீஸ் இன்னும் பதினான்கு மாதம்.
லாங் என்றால்
திருப்போரூர் லாங்கில் வருமா, தெரியவில்லை.
"சும்மா" என்றேன்.
அவன் கையிலிருந்த டேபில்
சும்மாவுக்குக் கட்டம் இல்லை.

"கிக்கர் எங்கே?"
"அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார்."
ஒரு பட்டன். கட்டைவிரல் போதும்.
என் வலது முழங்காலுக்கு
அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன்.

பின்பக்கச் சந்தில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள்.
குறுக்கே ஒரு மீன்பாடி வண்டி வந்தது.
இடதுகாலை அழுத்தினேன்.
பழைய புல்லட்டில் பிரேக் அங்கேதான் இருந்தது.
இதில் அங்கே கியர்.
நிற்கச் சொன்ன என்னைப் பார்த்து வண்டி கத்தியது,
மீன்பாடிக்காரர் கத்தினார்,
வலதுகால் மட்டும்
ஒன்றும் தெரியாததுபோல் சும்மா இருந்தது.

புதுப்பேட்டையில் ஹயாத் கடையில் போய் உட்கார்ந்தேன்.
வாயில் முழு போண்டாவோடு சொன்னான்:
"சத்தத்தைக் கேக்காத. கலரைப் பாக்காத.
ஆஃப் பண்ணிட்டுப் பின்னால தள்ளிப் பாரு.
எவன்டா அதைச் செஞ்சு காட்றான் விளம்பரத்துல?"

அன்று ராத்திரி பெரம்பூர் வீட்டு பார்க்கிங்கில்
சுகிர்தாவின் தையல் டேப்பைப் பிடித்து அளந்தேன்.
சம்ப் மூடிக்கும் தூணுக்கும் நடுவே முப்பத்தோரு அங்குலம்.
இரண்டாவது மாடி பார்கவியின் ஸ்கூட்டர் அதில் நான்கைத் தின்கிறது.
கேட்டை நோக்கித் தரை சரிவு.
அதாவது தினமும் காலையில்
மேட்டில், பின்னோக்கி, மூச்சு வாங்க.

மறுநாளிலிருந்து மூன்று ஷோரூமிலும் டைல்ஸை எண்ணினேன்.
முன்னூற்றைம்பது சிசி, சிவப்பு,
நான் இருபது வயதில் கேட்டிருக்கக்கூடியது:
இரண்டு டைல் நகர்ந்தது. அதற்குள் தினகர் ஓடிவந்து பிடித்தான்.
அடுத்தது ஐந்து.
மூலையில் ஸ்கூல் பை நிறத்தில் ஒன்று,
யாரும் போட்டோ எடுக்காதது,
ஒன்பது டைல், தனியாக.
இரண்டு குதிகாலும் தரையில் பதிந்தன.

சுகிர்தா பின்சீட்டில் ஏறினாள்.
ஒருக்களித்து அல்ல,
இரண்டு பக்கமும் கால் போட்டு.
அவள் புடவையை விட்டுச் சுடிதாருக்கு வந்து
எட்டு வருஷம் இருக்கும்.
அந்த சீட்டில்தான் அதைப் பார்த்தேன்.
"பிடிச்சுக்கக் கம்பி இருக்கு" என்றாள்,
என்னைப் பிடிக்க வேண்டியதில்லை என்பதை
வேறு மாதிரி சொல்லி.

ஹெல்மெட் மீடியம். முன்பு லார்ஜ்.
தலை சுருங்கவில்லை, முடிதான் கணக்கைக் கொடுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை டெலிவரி.
மாலை, சந்தனம், முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்.
ஷோரூம் மொத்தமும் கைதட்டக் காத்திருக்க
கிளட்சை ஒரே மூச்சில் விட்டேன்.
ஒரு குலுக்கல். ஆஃப்.
பழம் வழுக்கித் தப்பித்து
வாசல்படி இறங்கி
பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து உருண்டது.

கைதட்டுவதா வேண்டாமா என்று தினகர் என் முகத்தைப் பார்த்தான்.
சுகிர்தா போய்ப் பொறுக்கிவந்தாள்,
துப்பட்டாவில் துடைத்தாள்,
திரும்பவும் சக்கரத்தடியில் வைக்காமல்
கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"சாயந்திரம் ஜூஸுக்கு ஆச்சு.
இப்ப எடு. மெதுவா.
அந்தக் கால் இல்ல, இந்தக் கால்."